குண்டு மாட்டும் பக்கத்தில் கெட்டுப்போவது யார்?

போர் விமான சிமுலேட்டர் ஆடும் பிள்ளைகளைப் பற்றி ஒரு கருத்து இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. ஆடுவதே தப்பு, அதிலும் விமானம் கிளம்புவதற்கு முன்னால் ஒரு பக்கம் வருகிறதே, இறக்கைக்கு அடியில் எந்தக் குண்டு, எத்தனை குண்டு என்று உட்கார்ந்து பொறுக்கும் பக்கம், அது மகா தப்பு. சுடுவதாவது ஏதோ ஒரு வேகத்தில் நடந்துவிடுகிறது. இது நிதானமாக, ரசித்து, கொலைக்குக் கடை விரிக்கிற வேலை. பிள்ளை கெட்டுப்போவது இங்கேதான். இப்படிப் போகிறது பேச்சு. சைதாப்பேட்டையில் எங்கள் குடியிருப்போர் கூட்டத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதைச் சொன்னார். போர் எதிர்ப்புக் கவிதை எழுதும் நண்பர் ஒருவரும் ஏறக்குறைய இதே சொற்களில் சொன்னார்.

நான் இதை ஏற்கவில்லை. விமான விளையாட்டில் குறை சொல்ல எத்தனையோ இருக்கிறது, சொல்லத்தான் போகிறேன். ஆனால் ஆடுகிறவர்கள் ‘லோட்அவுட்’ என்று சொல்லும் அந்தப் பக்கம் அந்தக் கணக்கில் சேராது. குண்டின் மேல் உள்ள மோகம் தெளிகிற இடம் அந்த விளையாட்டிலேயே அது ஒன்றுதான்.

திட்டுகிறவர்களில் பெரும்பாலோர் அந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. என் அக்கா மகன் பாலிடெக்னிக்கில் படிக்கிறான். பஜார் ரோட்டுக்குப் பின்னால் மாடியில் ஒரு அறை, ரிச்சி தெருவில் பழையதாக வாங்கிய கம்ப்யூட்டர். அவன் ஆடுவது டிசிஎஸ் வேர்ல்ட் (டாடா கம்பெனி இல்லை, ஈகிள் டைனமிக்ஸ் என்பவர்கள் செய்தது). அதோடு இலவசமாக வரும் விமானங்களில் ஒன்று சுகோய்-25டி. ரஷ்யர்கள் டாங்கிகளை அடிப்பதற்கென்று செய்த தரைத்தாக்கு விமானம். அதற்குக் குண்டு மாட்டுவதைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

ஆயுதம் தொங்கவிடப் பதினோரு இடங்கள். இறக்கைக்கு ஐந்து, நடு வயிற்றில் ஒன்று. எதிரியின் ராடாரைத் தேடிப் போய் விழும் கேஎச்-58 ஏவுகணை வேண்டுமென்றால் வயிற்றடியில் ‘ஃபான்டாஸ்மகோரியா’ என்ற கூண்டை மாட்டியாக வேண்டும். ராடார் அலை எங்கிருந்து வருகிறது என்று காட்டுவது அந்தக் கூண்டுதான். ராத்திரியில் டாங்கியைக் கண்டுபிடிக்க ‘மெர்க்குரி’ என்ற கேமராக் கூண்டு வேண்டும். அதற்கும் அதே வயிற்றடிதான். ராடாரை ஒழித்துக்கட்டி, இருட்டில் டாங்கியையும் அடித்துவிட்டு வரலாம் என்று நினைத்த பையன் அங்கே நின்றுவிட்டான். “ரெண்டும் வேணும்னா ரெண்டு ஃப்ளைட்டா போகணும் மாமா,” என்றான்.

அடுத்தது எண்ணெய். டாங்கை நிரப்பினான். மொத்த எடை காட்டும் எண் ஏறிக்கொண்டே போய் வரம்பைத் தாண்டியது. வெளி இறக்கையில் இருந்த இரண்டு குண்டுகளைக் கழற்றினான். நம் மே மாத வெயில் மாதிரி வைத்துப் பார்க்கலாம் என்று அந்த விளையாட்டு உலகத்தின் சூட்டை ஏற்றிவிட்டான். காற்று சூடாக ஆக லேசாகிறது. லேசான காற்று இறக்கையைத் தூக்குவதும் குறைகிறது, எஞ்சினின் உந்தலும் குறைகிறது. ஓடுபாதை முடிந்த பிறகும் சக்கரம் தரையை விடவில்லை. விமானம் வேலியைக் கிழித்துக்கொண்டு போய்க் கவிழ்ந்தது. திரும்ப வந்து இன்னும் இரண்டைக் கழற்றினான். தூரத்தைப் பார்த்து எண்ணெயைக் கூட்டினான், கூட்டியதற்காக மறுபடி ஒன்றைக் கழற்றினான். வழியில் எதிரி விமானம் வந்தால் என்ன செய்வது என்று யோசித்து, இறக்கை ஓரங்களில் தற்காப்புக்குச் சின்ன ஏவுகணை இரண்டு வைத்தான். கிளம்பும்போது, முதலில் ஆசைப்பட்டதில் பாதிகூட அந்த விமானத்தில் இல்லை.

மீன்பாடி வண்டியில் மூட்டை ஏற்றுகிறவருக்குத் தெரிகிற விஷயம்தான் இது: ஏற்றுவதற்கு முன்னால் பாலம் ஏறுமா என்று பார்க்க வேண்டும். எங்கள் தலைக்கு மேலே தாழ்ந்து மீனம்பாக்கத்தில் இறங்குகிற ஏர்பஸ்சுக்கும் இதே கணக்குதான். பயணிகள் இத்தனை, சரக்கு இத்தனை, எண்ணெய் இத்தனை, வெளியே சூடு இவ்வளவு. அந்தக் கணக்கில் ரத்தவெறி எங்கே ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ரத்தவெறியைப் பார்க்க வேண்டுமானால் 2025 மே மாதம் இந்தியாவும் பாகிஸ்தானும் மோதிக்கொண்டபோது எந்த டீக்கடையிலாவது நின்றிருக்க வேண்டும். அந்தச் சில நாட்களில் சிமுலேட்டரை வாழ்நாளில் தொட்டிராத பெரியவர்கள் பேசிய பேச்சு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. “இருக்கிற எல்லாத்தையும் மாட்டிக்கினு போயி ஒரே அடியா கொட்டிட்டு வந்தா முடிஞ்சுது.” எண்ணெய் இல்லை, எடை இல்லை, திரும்பி வரும் வழி இல்லை. தொலைக்காட்சியில் வரைகலை விமானம் ஒன்று இறக்கை நிறைய ஏவுகணையோடு வில்லாக வளைந்து போய்க்கொண்டிருந்தது. வீடியோ கேம் காட்சிகள் நிஜப் போர்க் காட்சிகளாக உலா வந்ததும், அது விளையாட்டுப் படம் என்று மத்திய அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவே சொல்ல வேண்டியிருந்ததும் அந்த வாரத்தில்தான். ‘ஆர்மா 3’ என்ற விளையாட்டின் காட்சிகள் இப்படி ஊர் ஊராகப் போவது பற்றி அதைச் செய்த செக் நாட்டு நிறுவனம் 2022லேயே அறிக்கை விட்டு, எப்படி அடையாளம் காண்பது என்று விளக்கியது. அந்தப் படங்களை நம்பி வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டவர்கள் யார்? அக்கா மகன் இல்லை. “இந்த ப்ளேன்ல இது மாட்டவே முடியாது மாமா, கேம் இது,” என்று பார்த்த மாத்திரத்தில் சொன்னான். குண்டு மாட்டும் பக்கம் பையனைக் கெடுக்கிறது என்கிறவர்கள், அந்தப் பக்கத்தைப் பார்க்காததால் தாங்கள் எதையெல்லாம் நம்பினோம் என்றும் கொஞ்சம் யோசிக்கலாம்.

சரி, இது விளையாட்டுக் கணக்கு, நிஜப் போரில் குண்டு இருக்கிறவன்தானே ஜெயிப்பான் என்று ஒரு கேள்வி வரும். அதற்கு நம் பக்கத்துச் சரித்திரமே பதில் சொல்லும்.

1961 டிசம்பர் 18. அப்போது போர்த்துகீசியர் கையில் இருந்த கோவாவின் டாபோலிம் விமான நிலையத்தின் மேல் இந்திய விமானப்படையின் 12 கான்பெரா குண்டுவீச்சு விமானங்கள் வந்தன. விங் கமாண்டர் என்.பி. மேனன் தலைமையில் சில நிமிடங்களில் 63,000 பவுண்டு குண்டு போட்டார்கள். அதாவது ஒரு விமானத்துக்கு ஐயாயிரம் பவுண்டுக்கு மேல். பின்னாலேயே இன்னும் எட்டு கான்பெராக்கள் வந்து போட்டன. உத்தரவு தெளிவாக இருந்தது: ஓடுபாதையை அடிக்கலாம், கட்டடங்களைத் தொடக்கூடாது. நாளைக்கு நாமே பயன்படுத்தப் போகும் நிலையம் அல்லவா! கட்டடங்கள் தப்பின. ஓடுபாதை பலமாகச் சேதமானது. அன்றைக்கு ராத்திரியே போர்த்துகீசியர்கள் அதில் ஒரு பகுதியை அவசர அவசரமாகச் சரிசெய்து, நின்றிருந்த இரண்டு பெரிய பயணிகள் விமானங்களில் அதிகாரிகளின் குடும்பங்களை ஏற்றிக் கராச்சிக்கு அனுப்பிவிட்டார்கள். இருபது விமானங்கள் சுமந்து வந்து கொட்டியும் ஓடுபாதை ஒரு ராத்திரிகூட முழுதாக மூடவில்லை! சாதாரணக் குண்டு மேலே பள்ளம் பறிக்கும். மண்ணைப் போட்டு நிரப்பிவிடலாம். கான்கிரீட்டைத் துளைத்து உள்ளே போய் வெடித்து அடித்தளத்தையே பெயர்க்கும் தனி வகைக் குண்டுகள் பிற்பாடு வந்ததே இதனால்தான். நல்ல சிமுலேட்டரில் ஓடுபாதையைச் சாதாரணக் குண்டால் அடிக்கப் போன பையன் இந்தப் பாடத்தை ஒரு மாலையில் படித்துவிடுவான். கோவாவில் அது இரண்டு அலை விமானங்களின் செலவு.

இன்னொன்று நம் கடலிலேயே நடந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஜப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் இலங்கைக்குத் தெற்கே நின்று கொழும்பை அடித்தன. இரண்டாம் அலைக்கு நின்ற விமானங்களில் கப்பலை அடிக்கும் டார்பிடோ மாட்டியிருந்தது. கொழும்பை மறுபடி அடிக்கலாம் என்று முடிவாகி, அதைக் கழற்றிவிட்டுத் தரைக்கான குண்டு மாட்டச் சொன்னார் நகுமோ. மாட்டிக்கொண்டிருக்கும்போது பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் கண்ணில் பட்டதாகத் தகவல். உடனே குண்டைக் கழற்றி மறுபடி டார்பிடோ மாட்டச் சொல்லி உத்தரவு. டார்பிடோ என்பது முக்கால் டன்னுக்கு மேல் எடை. கப்பலின் உள்தட்டில், குறுகிய இடத்தில், தள்ளுவண்டியில் கொண்டுவந்து ஒவ்வொன்றாக மாட்ட வேண்டும். அந்த வேலை முடிகிற வரைக்கும் காத்திருக்க முடியாமல், செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானங்களை மட்டும் அனுப்பினார்கள். டார்செட்ஷைர், கார்ன்வால் என்ற இரண்டு கப்பல்களையும் அவையே மூழ்கடித்துவிட்டன. நான்கு நாள் கழித்துத் திருகோணமலையை அடித்த அன்று, ஒன்பது பிரிட்டிஷ் பிளென்ஹைம் விமானங்கள் யார் கண்ணிலும் படாமல் வந்து நகுமோவின் தலைமைக் கப்பலான அகாகியைச் சுற்றிக் குண்டு போட்டன. ஒன்றும் படவில்லை. பிளென்ஹைம்களில் பல திரும்பவும் இல்லை. ஜப்பானியர்களுக்கு அதிர்ஷ்டம், அதனாலேயே பாடமும் ஏறவில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, ஜூன் 4 அன்று மிட்வேயில் அதே அட்மிரல், அதே அகாகி, அதே கழற்று-மாட்டு. கழற்றிய குண்டுகளும் எண்ணெய் நிரப்பிய விமானங்களும் உள்தட்டில் நெருக்கியடித்துக்கொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கக் குண்டுகள் விழுந்தன. ஒரே நாளில் நான்கு விமானந்தாங்கிகள் போயின. உலகப் போரின் திசையைத் திருப்பிய நாள் என்று எழுதுகிறார்கள். அதற்கு எத்தனையோ காரணம் உண்டு. எந்த ஆயுதத்தை எப்போது மாட்டுவது என்ற தடுமாற்றம் அதில் பெரிய காரணம். இதெல்லாம் தூரத்து விஷயமும் இல்லை. அந்த ஏப்ரலில்தான் ஜப்பான்காரன் வருகிறான் என்று மதராஸில் பாதிப்பேர் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினார்கள். மூர் மார்க்கெட் பக்கத்து மிருகக்காட்சி சாலையில் கூண்டு உடைந்தால் வெளியே வந்துவிடும் என்று சிங்கம் புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். நம் தாத்தாக்கள் எந்தக் கப்பல்களை நினைத்துப் பயந்து ஓடினார்களோ, அவற்றின் உள்தட்டில் அப்போது எதைக் கழற்றுவது, எதை மாட்டுவது என்ற குழப்பம் நடந்துகொண்டிருந்தது.

மாட்டினால் மட்டும் போதாது, வெடிக்கவும் வேண்டும். 1982 ஃபாக்லாந்து போரில் அர்ஜென்டினா விமானிகள் ஏவுகணைக்குத் தப்புவதற்காகக் கடலை ஒட்டிப் பறந்து குண்டு போட்டார்கள். அவ்வளவு தாழ்வில் ஃபியூஸ் விழித்துக்கொள்ள நேரமில்லை. பத்துக்கும் மேற்பட்ட குண்டுகள் பிரிட்டிஷ் கப்பல்களில் போய்ப் பட்டும் வெடிக்காமல் கிடந்தன. ‘ஐஎல்-2 ஸ்டர்மோவிக்’ என்ற பழைய சிமுலேட்டரில் குண்டு தேர்ந்தெடுக்கும் பக்கத்திலேயே ஃபியூஸ் எத்தனை நொடி தாமதிக்க வேண்டும் என்று கேட்கும். பூஜ்யம் என்று விட்டுவிட்டுத் தாழப் பறந்து போட்டால் நம் குண்டே நம் விமானத்தைத் தின்றுவிடும்.

இன்றைக்கு வருவோம். தமிழ்நாட்டிலேயே பிரம்மோஸ் ஏவுகணை சுமக்கும் சுகோய்-30 எம்கேஐ படைப்பிரிவு இருக்கிறது. 2020 ஜனவரி 20ஆம் தேதி தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 222ஆவது ஸ்குவாட்ரனாக அது சேர்க்கப்பட்டது. ஆயுதம் மாட்ட அந்த விமானத்தில் 12 இடம், எட்டு டன் வரை சுமக்கலாம். வானிலிருந்து ஏவும் பிரம்மோஸ் ஒன்று இரண்டரை டன். மாட்டுவது ஒன்றே ஒன்று, வயிற்றுக்கு நடுவில். அந்த ஒன்றுக்காகவே ஏவுகணையின் எடையைக் குறைத்தார்கள், விமானத்தின் உடம்பைப் பலப்படுத்தினார்கள். முதன்முதலாக மாட்டிக்கொண்டு பறந்தது 2016 ஜூனில், ஏவிப் பார்த்தது 2017 நவம்பரில். அந்தப் பன்னிரண்டு இடங்களையும் நிரப்பிவிட வேண்டும் என்று டீக்கடையில் சொல்கிறவருக்கும், இந்த ஒன்றுக்காக ஆண்டுக்கணக்கில் உழைத்த பொறியாளருக்கும் நடுவே உள்ள தூரம் பெரியது. பாலிடெக்னிக் பையன் அந்தத் தூரத்தில் கொஞ்சமாவது நடந்திருக்கிறான்.

எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். கவிதை எழுதும் நண்பர் சொன்னது: “எல்லாம் சரி, அந்தத் திரையில கீழே மனுஷங்களே இல்லையே. எடை தெரியுது, எண்ணெய் தெரியுது, சாகிறவன் தெரியலையே.” இது நியாயமான குற்றச்சாட்டு. டிசிஎஸ்ஸில் கிராமங்கள் இருக்கின்றன, வாசலில் ஆள் இல்லை. டாங்கி எரியும், உள்ளேயிருந்து யாரும் ஓடிவர மாட்டார்கள். இதை மழுப்ப எனக்கு விருப்பமில்லை. ஆனால் குற்றம் அந்தத் தரையை வரைந்தவர்கள் மேல். குண்டு மாட்டும் பக்கத்தின் மேல் இல்லை.

அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். யாரோ ஏற்கனவே மாட்டிவைத்த குண்டோடு விமானம் வந்து நிற்கும். பையன் ஏறுவான், போடுவான், வருவான். எதற்காக இது, இவ்வளவு பெரியது ஏன், சின்னதாக ஒன்று போதாதா, குறி தப்பினால் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று எந்தக் கேள்விக்கும் இடமில்லை. கொடுத்ததைப் போட்டுவிட்டு வரும் பழக்கம்தான் மிஞ்சும். போர் எதிர்ப்பாளருக்கு எந்தப் பையன் ஆபத்தானவனாகத் தெரிய வேண்டும்? லேசரால் வழிகாட்டும் ஒரு குண்டா, கண்மூடித்தனமாக விழும் எட்டு குண்டா என்று அரை மணி நேரம் குழம்புகிறவனா, கொடுத்ததைக் கேள்வி கேட்காமல் போடுகிறவனா?

அப்படிப்பட்ட ஆட்டமும் இருக்கிறது, அதைத்தான் பெருவாரியானவர்கள் ஆடுகிறார்கள் என்பது எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்குத் தெரியாது. ‘வார் தண்டர்’ என்ற விளையாட்டின் ஆர்கேட் முறையில் குண்டு தீர்ந்தால் இறங்கவே வேண்டாம். பறந்துகொண்டிருக்கும்போதே சற்று நேரத்தில் புதுக் குண்டு தானாக இறக்கையில் முளைக்கும். உட்கார்ந்து கணக்குப் போட வேண்டிய தேவையே இல்லை. அதை ஆடும் பிள்ளைகளை யாரும் திட்டுவதில்லை, ஏனென்றால் அவர்கள் எதையும் பொறுக்குவதாகத் தெரியவில்லை, சும்மா ஆடுகிறார்கள். நின்று யோசிக்கிறவன்தான் பெற்றோர் கண்ணுக்குக் கொலைகாரனாகத் தெரிகிறான்!

ஆசிரியர் கேட்டது வேறு: “மூளைக்கு வேலைதான் வேணும்னா செஸ் ஆடட்டுமே. குகேஷ் நம்ம ஊர்ப் பையன்தானே?” ஆடட்டும், நல்லது. ஆனால் செஸ் பலகையில் இரண்டு பக்கமும் பதினாறு காய்கள் தயாராக வந்து நிற்கின்றன. யானையை அங்கே கொண்டுவந்து நிறுத்த என்ன செலவானது, அதற்காக எதைக் கைவிட்டோம் என்று யாரும் கேட்பதில்லை. என் அக்கா மகன் கேட்டுக்கொண்டிருந்தது அந்தக் கேள்வியைத்தான். போரைப் பற்றி ஒரு குடிமகன் அரசாங்கத்தைக் கேட்க வேண்டிய கேள்வியும் ஏறக்குறைய அதுவே.

இந்த ஆசிரியர்தான் 2024 அக்டோபர் 6ஆம் தேதி பேரனைக் கூட்டிக்கொண்டு மெரினாவுக்கு விமான சாகசம் பார்க்கப் போனார். நானும் போனேன், லட்சக்கணக்கில் ஜனம். வெயிலிலும் நெரிசலிலும் அன்றைக்கு ஐந்து பேர் இறந்துபோனார்கள். ரஃபேலும் சுகோயும் தலைக்கு மேல் இடித்துக்கொண்டு போனபோது கைதட்டாதவர் யார்? அந்தக் கைதட்டலில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் அதே விமானத்தின் எடைக்கணக்கைப் பையன் வீட்டில் உட்கார்ந்து போட்டால் மட்டும் அது எப்படி வக்கிரமாகிறது?

குண்டு மாட்டும் பக்கத்தில் உண்மையாகவே கெட்டது ஒன்று உண்டு, அதை யாரும் பேசவில்லை. வார் தண்டரில் புதிதாகக் கிடைத்த விமானத்துக்கு எல்லா ஆயுதமும் உடனே கிடைக்காது. பெரிய குண்டும் நல்ல ராக்கெட்டும் பூட்டி இருக்கும். மணிக்கணக்கில், நாள்கணக்கில் ஆடித் திறக்க வேண்டும். அல்லது ‘கோல்டன் ஈகிள்’ என்ற விளையாட்டுப் பணத்தை நிஜப் பணம் கொடுத்து வாங்கித் திறக்க வேண்டும். அங்கே இந்த ஓடுபாதைக்கு இவ்வளவு எடை ஏறுமா என்ற கேள்விக்கு முன்னாலேயே அப்பாவின் கார்டில் எவ்வளவு இருக்கிறது என்ற கேள்வி வந்துவிடுகிறது. பிள்ளைகள் ராத்திரி தூங்காமல் உட்கார்ந்திருப்பதும் இந்தப் பூட்டுகளைத் திறக்கத்தான். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் தடைசெய்தது. பணம் கட்டிக் குண்டு வாங்கும் ஆட்டம் அதில் வராது. பெற்றோர் சங்கங்கள் மனுக் கொடுக்க வேண்டுமென்றால் கொடுக்க வேண்டியது இதற்கு. காசு வாங்காமல், எடை பார், எண்ணெய் பார், வெயில் பார் என்று பையனை உட்கார வைத்துக் கழற்றச் சொல்லும் பக்கத்துக்கு எதிராக இல்லை.